ம் கொட்ட ஒரு ஆள் வேணும்டா பேராண்டி

வாடா, வந்து திண்ணையில உக்காரு. குறும்படம் எடுக்கப் போறியாமே. டீக்கடையில சொன்னாங்க, கோயில் வாசல்ல சொன்னாங்க, எங்கிட்ட மட்டும்தான் யாரும் சொல்லல. சரி, கொண்டா அந்தத் தாளை. கண்ணாடி எங்க? அதுல ஒரு காது உடைஞ்சு போச்சு, பிடிச்சுக்கிட்டே வாசிக்கணும்.

வாசிச்சுட்டேன். வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டுல ஒரு தாய், மெட்ராசுக்கு வேலைக்குப் போற மகனை வழியனுப்புறா. நல்ல விஷயம்தான். இந்தத் தெருவுல பாதி வீட்டுல நடந்ததுதான். ஆனா உன் தாய் ஒண்ணரைப் பக்கம் பேசுறாளே! அவ பேசி முடிக்கிறதுக்குள்ள வில்லிபுத்தூர் பஸ்ஸு வந்து, ஆளை ஏத்தி, கிருஷ்ணன்கோவிலைத் தாண்டிப் போயிருக்கும். மகன் என்ன பண்றான்? அடைப்புக்குறிக்குள்ள 'கண் கலங்க நிற்கிறான்'னு போட்டிருக்க. கலங்கலடா, கொட்டாவி விட்டா கண்ணுல தண்ணி வரும்ல, அது.

"தாத்தா, அது எமோஷனல் டயலாக்."

ஓகோ. வெஞ்சனம் நல்லா இருக்குன்னு சோறே இல்லாம வெஞ்சனத்தை மட்டும் அள்ளித் தின்னவன் கதையா இருக்கு.

உங்க பூட்டி கதை சொல்லும்போது நாங்க ம் கொட்டணும். ரெண்டு தடவை ம் வரலேன்னா நிறுத்திருவா. ராஜா காட்டுல வழி தெரியாம நிப்பான், ராட்சசன் வாயைப் பிளந்துக்கிட்டு நிப்பான், அவ பாட்டுக்குத் திரும்பிப் படுத்துக்குவா. வில்லுப்பாட்டைப் பாரு. பக்கத்துல உக்காந்து ஆமா போடுறவன் ஒருத்தன் இருக்கான்ல, அவனை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிட்டுப் பாட்டை நடத்தச் சொல்லு பார்ப்போம். பாடுறவருக்கே அடுத்த அடி வராது.

இந்த நீட்டி முழக்குற வியாதி 1952ல பராசக்தி வந்தப்போ தொத்துனது. கலைஞர் வசனம், சிவாஜிக்கு முதல் படம், கடைசியில கோர்ட்டு. அதுக்கப்புறம் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுல அந்தக் கோர்ட்டு வசனத்தைப் பேசாத பய கிடையாது. நானும் பேசி, நடுவுல மறந்துபோயி, மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சு, மேடையிலேருந்து தூக்கிட்டுப் போனாங்க. எங்க எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது அவரு பேசுனது மட்டும்தான். எதிர்ல நீதிபதி உக்காந்திருந்ததையும், தீர்ப்பு என்ன ஆகுமோன்னு கொட்டகையே பதறுனதையும் விட்டுட்டோம். உன் பஸ் ஸ்டாண்டுல தீர்ப்பு சொல்ல யாருடா இருக்கா?

அதுக்கும் முந்தி 1931ல காளிதாஸ், தமிழ்ல வந்த முதல் பேசும் படம். டி.பி. ராஜலட்சுமி தமிழ்ல பேசுவாங்க, கதாநாயகன் தெலுங்குல பதில் சொல்லுவாரு. சிரிக்காதே. அவங்களுக்குள்ளயாவது ஒருத்தர் பேச ஒருத்தர் பதில் சொன்னாங்க. உன் ஆளுங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாஷை, ஒரு பதிலைக் காணோம்.

ம்... போனைப் பாக்குற. பாரு. போனுல இருந்தே சொல்றேன். 2025ல நம்ம கூமாபட்டிப் பையன் ஒருத்தன் வீடியோ போட்டு, பிளவக்கல் அணை எந்தத் திசைன்னு தெரியாதவனெல்லாம் வண்டியைக் கட்டிக்கிட்டு வந்தானே. ஒத்தை ஆளாத்தானே பேசுனான்னு கேப்ப. அவன் வாயைத் திறந்ததும் என்ன சொன்னான்? 'ஏங்க'ன்னான். எதிர்ல ஒருத்தரை நிறுத்தி வச்சுக்கிட்டுக் கூப்பிட்டான்டா. நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி எல்லாரும் திரும்பிப் பாத்துட்டாங்க.

சரி, இதெல்லாம் சினிமாக்காரனும் வீடியோக்காரனும் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுக்காதே. இங்கிருந்து கூப்பிடு தூரத்துல, வில்லிபுத்தூர்ல, ஒரு பொம்பளைப் பிள்ளை எப்பவோ எழுதி வச்சுட்டுப் போயிட்டா. மார்கழியில மைக்கு செட்டுல போடுறாங்களே, நீ காதைப் பொத்திக்கிட்டுத் தூங்குறியே, அதேதான். திருப்பாவை முப்பது பாட்டுல ஆறாவதுல இருந்து பதினஞ்சாவது வரைக்கும் வீட்டு வாசல்ல நின்னு தூங்குறவளை எழுப்புற பாட்டு. ஒன்பது பாட்டுல வெளிய நிக்கிறவங்க குரல்தான் கேக்குது. பதினஞ்சாவதுலதான் உள்ள படுத்திருக்கிறவ வாயைத் திறக்கிறா. திறந்தா சும்மாவா? இன்னுமா தூங்குறன்னு இவங்க கேக்க, சும்மா கத்தாதீங்கடி, இந்தா வாரேன்கிறா. உன் வாய்ச் சவடால் எங்களுக்குத் தெரியாதாங்கிறாங்க. நீங்கதான் கெட்டிக்காரிங்க, சரி நானே வாயாடின்னு வச்சுக்கோங்கன்னு ஒரு குத்து விட்டுட்டு, எல்லாரும் வந்தாச்சான்னு கேக்கிறா. எதுக்கு? இன்னும் ரெண்டு நிமிஷம் படுக்கையில கிடக்கத்தான். வந்தாச்சு, வேணும்னா வெளிய வந்து எண்ணிக்கோன்னு இவங்க மடக்குறாங்க பாரு, அப்புறம் எழுந்திரிக்காம என்ன பண்ணுவா?

மொத்தமே எட்டு வரி. அவள் சொன்னாள், இவள் கேட்டாள்னு ஒரு இடத்துலயும் இல்ல. எந்த வார்த்தை கதவுக்கு உள்ள இருந்து வருது, எது வெளிய இருந்து வருதுன்னு தொனியிலயே தெரியும். பெருமாளே அந்த ரகளை முடிஞ்சு கடைசியிலதான் வாராரு. நீ என்னடான்னா மொத வரியிலயே பாசத்தைக் கொட்டிட்டு, மிச்ச ஒண்ணரைப் பக்கத்துக்கு அதையே துடைச்சுக்கிட்டிருக்க.

அவளை வளர்த்த பெரியாழ்வாரும் லேசுப்பட்ட ஆளில்ல. உந்திபறக்கிற பிள்ளைங்களை ரெண்டு கட்சியாக்கி, ஒரு கட்சி கண்ணனைப் பாட, இன்னொரு கட்சி ராமனைப் பாடன்னு மல்லுக்கு நிறுத்தியிருக்காரு. ரெண்டும் ஒரே சாமிதான்னு அவருக்குத் தெரியாதாக்கும்? போட்டி இருந்தாத்தான் ஆட்டம்னும் தெரிஞ்சிருக்கு. அரையர் சேவையில முத்துக்குறின்னு ஒண்ணு உண்டு. ஒரே அரையர்தான், காதல்ல வாடுற மகளாவும் பேசுவாரு, தவிக்கிற தாயாவும் பேசுவாரு, குறி சொல்ற கட்டுவிச்சியாவும் பேசுவாரு. அவருகிட்ட ஒரு ஆளுக்குள்ள மூணு பேர் இருக்காங்க. உங்கிட்ட ரெண்டு பேர் இருந்தும் ஒரு ஆளு.

சங்கரதாஸ் சுவாமிகள் செத்தது 1922ல. அவரு எழுதுன வள்ளி திருமணம் இன்னைக்கும் கோயில் பொங்கலுக்கு விடிய விடிய நடக்குது. ஸ்பெஷல் நாடகம்னா நாரதர் ஒரு ஊரு, வள்ளி ஒரு ஊரு. ஒத்திகை கிடையாது. பவுடர் பூசும்போதுதான் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாப்பாங்க. ஆர்மோனியக்காரர் ஸ்ருதி கூட்டுனா, தினைப்புனத்துல தர்க்கம் ஆரம்பிச்சிரும். இந்த வள்ளி என்ன சொல்லுவாளோன்னு நாரதருக்கு நெசமாவே தெரியாது. ஒரு வருஷம் எங்க ஊருக்கு வந்த நாரதர், கால் மணி நேரம் சாஸ்திரமாப் பேசித் தள்ளிட்டாரு. எல்லாரும் வள்ளி வாயையே பாக்குறோம். அந்தம்மா கவணை ரெண்டு சுத்துச் சுத்திட்டு, "இம்புட்டையும் குருவிகிட்ட சொல்லியிருந்தா, கவணுக்கு வேலையில்லாம அதுவே ஓடியிருக்கும் சாமி"ன்னுச்சு. பந்தல் குலுங்கிப் போச்சு. நாரதரே சிரிச்சுட்டாரு, அவரு சம்பளத்துல அதுவும் சேத்தி.

இன்னொண்ணு. மாட்டுத்தாவணிக்கு என்கூட ஒருநாள் வா. தரகர் துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, அதுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவாரு. வாய் என்ன பேசும்? மழை பேசும், மாட்டுக்குப் பல்லு சரியில்லைன்னு பேசும், மச்சான் வீட்டுக் கல்யாணம் பேசும். நெசமான பேரம் துண்டுக்குள்ள. உன் தாய் துண்டை எடுத்து உதறிட்டு, இந்தாங்க விலை, இந்தாங்க பாசம்னு ஊருக்கே காட்டுறா. அப்புறம் தாவணியில கூட்டம் எதுக்கு நிக்கும்?

தாளைக் குடு. பேனா எழுதுதா? அந்த ஒண்ணரைப் பக்கத்தையும் குறுக்கே அடிச்சிரு. இதை எழுதிக்கோ.

"சில்லறை வச்சிருக்கியா?"

"இருக்கும்மா."

"எம்புட்டு?"

"இருக்கும்மா, வண்டி எடுக்கப் போறான்."

"எண்ணிக் காட்டு."

மிச்சத்தை நீ எழுதிட்டு நாளைக்குச் சாயங்காலம் கொண்டா. கண்டக்டருக்கு ஒரு விசிலை மட்டும் மறக்காம வச்சிரு. உள்ள போயி அப்பத்தாகிட்ட கடுங்காப்பி கேளு, எனக்கும் சேத்து. நான் கேட்டா அவ ஒண்ணரைப் பக்கம் பேசுவா.