எல்லாம் கிளவுட்டில் இருக்கிறது

கல்பிட்டியிலிருந்து சிலாபம் வரை, இறால் பண்ணையோ உப்பளமோ கருவாட்டு மொத்த வியாபாரமோ, கணக்கைக் கணினிக்கு மாற்ற நினைத்த முதலாளிமாருக்கெல்லாம் கிளவுட் விற்கும் இவரைத் தெரியும். கேள்வி எதுவானாலும் பதில் ஒன்றுதான்: "அது கிளவுட்ல இருக்கு நானா." ஏப்ரல் விற்பனைக் கணக்கு எங்கே? கிளவுட்டில். பில் ஏன் கூடியது? கிளவுட் ஸ்கேல் ஆகியிருக்கிறது. கரண்ட் போனால்? கிளவுட்டுக்குக் கரண்ட் போகாது. நுரைச்சோலை மின் நிலையமே நின்றாலும்? நிற்கட்டுமே! அதற்கு மேலும் கேட்டால் ஐயாஸ், பாஸ், சாஸ் என்று மூன்றை எடுத்து வீசுவார். மூன்றாவதைக் கேட்டதும் ரோல்ஸ் வரப்போகிறதென்று காத்திருப்பவர்களும் உண்டு.

இவர் பேச்சு விளங்காததற்கு விஷயத்தின் ஆழம் காரணமல்ல. அந்த மூன்றையும் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2011-இல் ஓரிரு பக்கத்துக்குள் வரையறுத்துவிட்டது. சேர்வரை மட்டும் வாடகைக்கு எடுப்பது முதலாவது. மென்பொருளை ஓட்டும் தளமும் சேர்ந்து வருவது இரண்டாவது. ஜிமெயில் போல மென்பொருளே ஆயத்தமாக வருவது மூன்றாவது. எதை எடுத்தோமோ அதைப் பொறுத்தே பழுதுக்கு யார் பொறுப்பு என்பது தீர்மானமாகும். இப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: காப்புப் பிரதி யாரிடம்? அவர் தவிர்ப்பது இதைத்தான். 2023 ஆகஸ்டில் லங்கா அரச கிளவுட்டை ரான்சம்வெயார் தாக்கியபோது, 5,000 அளவிலான அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அந்தக் காலத்துக்குப் பிரதியே இல்லை. எல்லாம் கிளவுட்டில்தான் இருந்தது.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பாஷை உண்டு, உப்பளத்துக்கு இல்லையா என்பார். உண்டு, ஆனால் உப்பு வாங்க வந்தவரிடம் யாரும் அந்தப் பாஷையில் விலை சொல்வதில்லை. உப்புக் காற்றில் லெப்டொப் எத்தனை நாள் தாங்கும் என்று அவர் கேட்பது மட்டும் நியாயம். அதற்காகவே அவர் நமக்கு வேண்டும். இரவு பதினொரு மணிக்கும் போனை எடுக்கிற நல்ல மனுஷர், சொல்வது அதே பதிலானாலும். ஆனால் டொலர் ஏறினால் பில்லும் ஏறும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன் சொல்லாமல் விடுவது பாஷைப் பிரச்சினையல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. கணக்கு எந்த நாட்டில் கிடக்கிறது, பிரதியை யார் எடுக்கிறார், விலகினால் கணக்கை எப்படித் திருப்பித் தருவார் என்பதைத் தமிழில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தராதவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.