ஒரு சொட்டு இரத்தம் போதுமா?

கேள்வி: சீனி வருத்தத்துக்கு விரலில் குத்திப் பார்க்கிற கருவி மாதிரி, புற்றுநோய்க்கும் ஒன்று வருமா?
– வாசகி, உட்துறைமுக வீதி, திருகோணமலை

பதில்: வரும் என்றே நம்புகிறேன், விரல் தயாராக இருக்கட்டும். இரண்டுக்கும் மூதாதை, 1962இல் லீலண்ட் கிளார்க் விவரித்த நொதி மின்வாய். புற்றுநோய்க் கருவியிலே தங்க மின்வாயில் பிறபொருளெதிரிகளை ஒட்டிவைப்பார்கள். அவை புற்றுக்கலத்தின் மேற்புறப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும்; கலம் மின்வாயை மூட, மின்னோட்டத்துக்குத் தடை கூடும். அதை அளந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. பிறகு மருந்தை விட்டு, கலம் செத்துக் கழன்று தடை குறைகிறதா என்றும் பார்க்கலாம். எந்த மருந்துக்கு அது மசியும் என்று நோயாளியின் உடலைத் தொடாமலே அறிவது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சிக்கல் எண்ணிக்கையில். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் செங்கலங்கள் சுமார் 500 கோடி. திரியும் புற்றுக்கலங்களோ ஒரு சில. கடலில் உப்பைக் கண்டுபிடிப்பதும், கொட்டியாரக் குடாவில் ஒரு குறிப்பிட்ட மீனைப் பிடிப்பதும் ஒன்றா? அதனால்தான் கருவி இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூடத்திலேயே நிற்கிறது.

அதுவரை முகம் பார்க்கும் கண்ணாடி உதவும், பற்றரியும் வேண்டாம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்று. புகையிலை சேராத பாக்கும் புற்றாக்கியே என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்திவிட்டது. வெற்றிலை போடுகிறவர் வீட்டில் இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெண்படலமோ செம்படலமோ, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண்ணோ தெரிந்தால், அடுத்த நாளே வைத்தியசாலைப் பல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.