டார்ச் இல்லீங்க, போன்

ஜனவரி பிறந்தால் சென்னைக் கடற்கரைக்கு இரண்டு வகை விருந்தாளிகள். முட்டையிட வரும் பங்குனி ஆமை ஒன்று. அதைப் படம் பிடிக்க வரும் நாம் மற்றொன்று.

1988 முதல் மாணவர்கள் சிலர் இரவெல்லாம் நடந்து, குழிக்குச் சுமார் நூறு முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். கூட வருபவரிடம், "சார், டார்ச் அடிக்காதீங்க" என்றால், "இது டார்ச் இல்லீங்க, போன்" என்கிறார். ஆமைக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போனது அதன் குற்றம்தான்.

குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஓடும். முன்பு வெளிச்சம் கடலில் இருந்தது. இப்போது பஜ்ஜிக் கடையில்.

கரையோரம் இழுவலைப் படகுகள் வரக்கூடாதென்று சட்டம் உண்டு. ஆமைகள் அதை முழுமையாக நம்பின. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாதாம். உடனே கூட்டம் போட்டோம், கண்டித்தோம், கலைந்தோம், வழியில் வஞ்சிரம் வாங்கினோம்.

அடுத்த நடைக்கு அவசியம் வாருங்கள். போன் வீட்டிலேயே இருக்கட்டும்.