மாப்ளைக்குக் குளுருதாமா!

வாங்க மாப்ளை, இப்படி உக்காருங்க. மார்கழி பொறந்ததும் போன்ல ஜாக்கெட்டுக்கு ஆர்டர் போட்டுட்டீங்களாமா? என்ற தங்கச்சி பெருமையாச் சொல்லிட்டுப் போச்சு. மைனஸ் பத்து டிகிரி வரைக்கும் தாங்குமாமா. ரொம்ப நல்லதுங்க. சரவணம்பட்டில மைனஸ் பத்து அடிக்கற அன்னைக்கு ஊரே வெறச்சுக் கெடக்கும். நீங்க ஒருத்தராச்சும் நிமுந்து நடந்து போயி எல்லாருக்கும் பால் வாங்கியாந்து குடுக்கலாம்.

நம்ம கோயமுத்தூருக் குளுரு எவ்வளவுன்னு பாத்தீங்களா? மார்கழி, தை மாசத்துல வெடியால அஞ்சு மணிக்கு 18 டிகிரிக்குப் பக்கமா எறங்கும். சில நாளைக்கு இன்னும் ரெண்டு மூணு கொறையும். ஒம்பது மணிக்கு வெய்யில் வந்து முதுகுல ரெண்டு தட்டுத் தட்டுனா குளுரு போன எடந்தெரியாது. ஆக, நாலு மணி நேரக் குளுருக்கு நாலாயிரம் ரூவா ஜாக்கெட்டு. மணிக்கு ஆயிரம். அந்தக் காசுக்கு லாட்ஜுல ரூம் போட்டு, போர்வையும் அவங்களுதயே போத்திக்கலாமுங்களே!

"மாமா, நாங்க ஊட்டிக்குப் போறமுங்க"ங்கறீங்களா? சரி, அது வேற கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல 326 மீட்டரு. ஊட்டி 2,240 மீட்டரு. ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு, ஆறரை டிகிரி கொறையும். மேட்டுப்பாளையத்துல 18 இருந்தா ஊட்டில ஆறு. மேகமில்லாத ராத்திரில தலைகுந்தா, காந்தல் மாதிரிப் பள்ளத்துல உறைபனியே உழுகும், புல்லெல்லாம் வெள்ளையா நிக்கும். கோயமுத்தூருக் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1819-ல மலையேறி, அந்தக் குளுரு புடிச்சுப்போயி அங்கயே ஊடு கட்டுனாரு. அவரு குளுரத் தேடிப் போனாரு, சந்தோசமா இருந்தாரு. நீங்களுந்தான் குளுரத் தேடிப் போறீங்க. போயி எறங்குனதும் "குளுருது, குளுருது"ன்னு ரூமச் சாத்திட்டுப் படுத்துக்கறீங்க. இதுக்கு வாடகை வேற.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க மாப்ளை. சூடு துணில இல்லீங்க. எத்தனை ஆயிரம் குடுத்து வாங்குனாலும் சட்டை அதும்பாட்டுக்குச் சூடு உண்டாக்காது. சூடு உங்க ஒடம்புல இருக்குது, காலைல தின்ன களியிலிருந்தும் பணியாரத்திலிருந்தும் வந்தது. துணியோட வேலை அத ஓட உடாமத் தடுக்கறது. அதையும் துணி நேராச் செய்யறதில்லை. துணிக்கும் துணிக்கும் நடுவுல அசையாம நிக்கற காத்துத்தான் செய்யுது. கனமா ஒண்ணு போடறதவிட மெல்லிசா மூணு போட்டா நடுவுல ரெண்டு காத்துப் படலம் சும்மாவே கெடைக்குது. ஜிஎஸ்டி கூடக் கெடையாதுங்க.

உங்க அப்பிச்சிக்கு இதெல்லாம் யாரும் வகுப்பெடுக்கலை. அடை மழைல, பனியில, மாடு புடிச்சுக் கட்டப் போறப்ப ஒரு சாக்கை எடுப்பாரு. அடில ரெண்டு மூலை இருக்குமல்லங்க, அதுல ஒண்ண உள்ளுக்குத் தள்ளி இன்னொரு மூலைக்குள்ள சொருகுவாரு. கூம்பாட்ட நிக்கும். அதத் தலைல மாட்டுனா மிச்சச் சாக்கு தோளையும் முதுகையும் மூடி இடுப்புக்குக் கீழ எறங்கிரும். அதுதான் கொங்காடை. இருக்கப்பட்டவங்க கம்பிளில மடிப்பாங்க, இல்லாதவங்க சாக்குல மடிப்பாங்க. மழை நின்னா உதறிட்டு, அதே சாக்குல பருத்திக்கொட்டை அள்ளீட்டு வருவாரு. உங்க ஹூடில பருத்திக்கொட்டை அள்ள முடியுமுங்களா?

ஹூடின்னதும் ஞாபகம் வருது. நம்ம திருப்பூரு கூத்தப் பாருங்க. சித்திரை வெய்யில்ல, ஃபேனு சுத்தறதே அனலா அடிக்கற கம்பெனில, வேர்வையத் தொடச்சுத் தொடச்சுப் போட்டு சனம் என்ன தெக்குதுன்னு நெனைக்கறீங்க? சீமைக்காரங்க குளுருகாலத்துக்குப் போடற ஹூடி. சரக்கு கப்பலேறிக் கடைக்குச் சேரோணுமே, அதுக்குத்தான் அத்தனை முந்தி. உங்க பெரியப்பன் பையன் ஓவர்லாக்ல அடிச்சுத் தள்ளறதும் அதுதான். நீங்க அவனக் கேக்காம, அவன் தெச்சத எவனோ சீமைல பேரு ஒட்டி, படம் புடிச்சுப் போன்ல போட்டா, மூணு பங்கு காசு குடுத்து வாங்கறீங்க. வெள்ளாமைக்காரன் ஊட்டுல இருந்துட்டு தக்காளிக்கு மால்ல வரிசை நிக்கறதுங்கறது இதுதானுங்க.

அந்த ஹூடி தெக்கற ஃபிளீஸ் துணிலதான் என்ன மந்திரம்? பெரும்பாலும் நம்ம பருத்தி நூலு, கூடக் கொஞ்சம் பாலியஸ்டர். பின்னறப்பவே உள்பக்கத்துல நூல வளையம் வளையமா உட்டுருவாங்க. அப்பறம் கம்பிப் பல்லு வெச்ச உருளைல ஓட்டி அந்த வளையத்த வாருவாங்க. நூலு பிரிஞ்சு பொசுபொசுன்னு எந்திரிச்சு நிக்கும். அந்தப் பொசுபொசுப்புக்குள்ள காத்து மாட்டிக்கும். சாதா டீ சர்ட்டுத் துணி சதுர மீட்டருக்கு 160, 180 கிராம் இருக்கும். ஃபிளீஸ் 280, 300 வரும். அப்போ ரெண்டு டீ சர்ட்ட ஒண்ணுக்கு மேல ஒண்ணு போட்டாலே 320 கிராமும் ஆச்சு, நடுவுல காத்தும் ஆச்சு. உங்க பீரோவுல எத்தனை டீ சர்ட்டு இருக்குதுன்னு நான் கேக்கலைங்க. பீரோ சாத்த மாட்டேங்குதுன்னு உங்கூட்டு அம்முணி கார்பெண்டரக் கூப்புட்டது எனக்கும் தெரியும்.

சரி, இப்ப வேலைக்கு வாரேன். மொதல்ல ஒடம்போட ஒட்டுனாப்பல ஒரு பனியன். தொளதொளன்னு வேண்டாம், காத்து உள்ள பூந்து விசிறி உட்டுரும். பனியன் நுனிய இடுப்புக்குள்ள சொருகிக்கோங்க. அதுக்கு மேல முழுக்கை டீ சர்ட்டு. அதுக்கு மேல உங்க வெய்ய காலத்து அரைக்கைச் சட்டை. உள்ள நீளக்கை, வெளிய அரைக்கை. பாக்கறவங்க இது புது ஸ்டைலுன்னு நெனச்சுக்குவாங்க, நீங்களும் மறுக்க வேண்டாம். மேல போறது உள்ள இருக்கறதவிடக் கொஞ்சம் லூசா இருக்கோணும். இறுக்கிப் புடிச்சா நடுவுல காத்துக்கு எடமிருக்காது, அப்பறம் மூணு சட்டை போட்டும் ஒரு சட்டைக் குளுருதான்.

சூடு ஓடிப்போற வழி மூணு: கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால். இத அடைச்சாப் பாதி வேலை முடிஞ்சுது. கழுத்துக்குத் துண்டு இருக்குதே. ஒரு சுத்துச் சுத்தி ரெண்டு நுனியையும் நெஞ்சுல குறுக்கப் போட்டு மேல பட்டனப் போட்டுக்கோங்க. மணிக்கட்டுக்கு, நஞ்சு போன பழைய பனியன் கழுத்துல ரிப் துணி இருக்கும் பாருங்க, இழுத்தா நீண்டு உட்டா ஒட்டிக்கறது, அத வெட்டி எடுத்துச் சட்டைக் கைநுனில வெச்சு ஓவர்லாக்ல ஒரு அடி. நம்ம தெருமுக்கு டைலரு பத்து நிமிசத்துல முடிச்சுருவாரு. கால்ல சாக்ஸைப் பேண்டு நுனிக்கு மேல ஏத்தி உட்டுக்கோங்க. அழகா இருக்காதுங்க, ஒத்துக்கறேன். ஆனா ஊட்டில உங்க கணுக்காலப் பாக்கறதுக்குன்னு யாரும் டிக்கெட் எடுத்து வரலை.

அம்முணிக்கும் சொல்லுங்க. காட்டன் சுடிதார எடுத்து அட்டாலில போட வேண்டாம். உள்ள ஒரு லெக்கிங்ஸ், மேல ஒடம்போட ஒட்டுன முழுக்கை பனியன், அதுக்கு மேல எப்பவும் போடற டாப்ஸ். துப்பட்டாவ மாலையாட்டத் தொங்க உடாம, ரெண்டா மடிச்சுத் தோளுல போத்தட்டும். சேலைன்னா இடுப்புல கொசுவமே அடுக்கடுக்கா நிக்குது. மூடாம கெடக்கறது கையும் வயிறுந்தான். அதுக்கு ரவிக்கைக்குப் பதிலா நீளக்கை டீ சர்ட்டு. புதுசாத் தெச்ச டாப்ஸா இருந்தா உள்ள பழைய பனியன் துணில லைனிங் குடுக்கச் சொல்லுங்க. உங்க அம்முச்சி பழஞ்சீலை நாலஞ்ச ஒண்ணுமேல ஒண்ணு விரிச்சு, நெடுக ஓட்டுத்தையல் போட்டு ஒரு போர்வை வெச்சிருந்துச்சே, அதுவும் இதே வித்தைதான். அதுல உங்கொம்மா, நான், பக்கத்தூட்டுப் பையன் எல்லாம் படுத்து எந்திரிச்சோம். ஒருத்தரும் வெறச்சுப் போகலை.

பழசை வெச்சு ஒப்பேத்தற இந்த வித்தை சீமைக்காரங்களுக்கும் தேவைப்பட்டுதுங்க. 1941-ல, யுத்த காலத்துல இங்கிலாந்துல துணிக்கு ரேஷன் போட்டாங்க. பழசத் திருத்திப் போட்டுக்கறது எப்படின்னு 1943-ல அந்த சர்க்காரே புத்தகம் அச்சடிச்சு ஊட்டுப் பொம்பளைகளுக்குக் குடுத்துது. அந்தப் புத்தகத்துல இருக்கறதுல பாதிக்கு மேல உங்க அம்முச்சிக்குத் தெரியும். அதுக்கு அச்சாபீசு கெடைக்கலை, அவ்வளவுதான்.

அடுத்தது ஊதக்காத்து. நின்னா தாங்கற குளுரு வண்டில போனாத் தாங்காது. வெடியால அவிநாசி ரோட்டுல அறுவதுல போனீங்கன்னா, துணிக்குள்ள நிக்கற காத்தையெல்லாம் எதுக்காத்து உருவிட்டுப் போயிரும். பனியன் துணி பின்னல் துணி, கண்ணு பெருசு. அதனால மேலாக்க நெருக்கமா நெசவு பண்ணுன ஒண்ணு வேணும். புதுசா வாங்காதீங்க, மழைக்கோட்டு இருக்குதே! அதுவும் மறந்து போச்சுன்னா ஒரு பேப்பர மடிச்சு நெஞ்சுப் பக்கம் சட்டைக்குள்ள சொருகிக்கோங்க. சிரிக்காதீங்க. பிரான்சு தேசத்து சைக்கிள் பந்தயத்துல மலை எறங்கறப்ப அவங்களும் பனியனுக்குள்ள பேப்பரச் சொருகிட்டுத்தான் எறங்குனாங்க. 1924-ல எவரெஸ்ட் ஏறப்போன மல்லோரியும் பட்டு, பருத்தி, கம்பளின்னு அடுக்கிப் போட்டு, மேல காத்துப் பூராத கேபர்டின் கோட்டுத்தான் மாட்டியிருந்தாரு. எவரெஸ்டுக்கே அடுக்குச் சட்டை, உங்க ஊட்டி தொட்டபெட்டாவுக்கு மைனஸ் பத்து ஜாக்கெட்டா?

இத்தனை சொல்லிட்டு ஒண்ணச் சொல்லாம உட்டா நான் மாமனே இல்லை. பருத்தி பங்காளி மாதிரிங்க. காஞ்சிருக்கற வரைக்கும் கூட நிக்கும், நனைஞ்சுட்டா எதிரிப் பக்கம் சேந்துக்கும். தண்ணி, காத்தைவிட இருவது மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும். வேர்வைலயோ பனியிலயோ பருத்தி ஊறிப் போச்சுன்னா நடுவுல காத்து நின்ன எடமெல்லாம் தண்ணியாயிரும், ஒடம்புச் சூடு மடமடன்னு எறங்கிரும். அதனால மேடேறி நடக்கறப்ப வேர்க்கறதுக்கு முந்தியே ஒரு சட்டையக் கழட்டிருங்க, நின்னதும் போட்டுக்கோங்க. ராத்திரிப் படுக்கப் போறப்ப பகல்ல போட்ட பனியன மாத்தோணும். "காஞ்சாப்பலதான் இருக்குது"ன்னு சொல்லாதீங்க, மோந்து பாத்தா உண்மை தெரியும்.

கம்பளிக்கு அந்தப் புத்தி இல்லீங்க. நனைஞ்சாலும் ஓரளவு கதகதப்பு தரும். நம்மூருக் குறும்பை ஆட்டு மயிருல பண்ணுன கம்பிளி ஒடம்புல முள்ளாக் குத்தும், ஆனா பட்டில காவலிருந்தவங்க அத நம்பித்தான் ராத்திரியத் தள்ளுனாங்க. அதுக்காகப் பருத்தி மலைக்கு ஆகாதுன்னும் சொல்லிர முடியாது. ஊட்டிலயே பொறந்து வளந்த தோடருக போத்திக்கற பூத்துக்குளி பருத்தித் துணிதானுங்க. வெள்ளைல செவப்பும் கருப்பும் நூல்வேலை. அந்த வேலைக்கு 2013-ல புவிசார் குறியீடே குடுத்தாங்க. கனத்த துணிய ரெண்டு மடிப்பாக்கி ஒடம்பச் சுத்திப் போத்திக்குவாங்க. மடிப்புலதான் இருக்குது சூட்சுமம். நீங்க சென்னிமலை பெட்ஷீட்ட ஒத்தையாப் போத்திட்டுக் குளுருதுங்கறீங்க. நாலா மடிக்க வேண்டாம், ரெண்டா மடிச்சுப் பாருங்க.

காசு செலவு பண்ணியே தீரோணும்னா கம்பளிச் சாக்ஸும் காத மூடற குல்லாவும் வாங்குங்க. கைக்கொழந்தை இருந்தா அதுக்குக் கணக்குப் பாக்காதீங்க. சின்ன ஒடம்பு, சூடு சீக்கிரம் எறங்கிரும், வாய் தொறந்து சொல்லவும் தெரியாது. கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ வேலைக்குப் போற அன்னைக்கு என்ற பேச்சக் கேக்கவே வேண்டாம், நல்லதாப் பாத்து வாங்கிட்டுப் போங்க. மத்தபடி நமக்குப் பீரோவே போதும்.

இன்னொரு வகைக்காரங்களுக்கும் நெச ஸ்வெட்டர் வேணும்னு டாக்டருக சொல்றாங்க. வயசானவங்க. ஒடம்புல சூடு உண்டாகறதும் கொறைஞ்சு போகுது, தோலுக்கடில கொழுப்பும் கரைஞ்சு போகுது, அடுக்குச் சட்டை போட்டாலும் பத்தறதில்லை. ஊட்டில தாவரவியல் பூங்காப் பக்கம் திபெத்துக்காரங்க கடை இருக்குது. முழுக்கை, கழுத்து மூடுனது, காப்பிக் கலரு. அளவு உங்கத்தைக்குத் தெரியும், கேட்டுக்கோங்க. இத்தனை யோசனை சொல்லி உங்களுக்கு நாலாயிரம் மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கறேன், அதுல எடுத்துக்குடுத்துருங்க. ஊட்டி வர்க்கியும் ரெண்டு பாக்கெட் மறந்துராதீங்க.