மிளகாய்க்கு அடுத்த ஆள்

பென்ஷன் பேப்பரில் ‘எமாலுமென்ட்ஸ்’ என்றொரு கட்டம் இருக்குமே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேற்று அரைத்து வந்த ராகி மாவில் களி கிண்டியதிலிருந்து வீட்டில் தும்மல் நிற்கவில்லை. எனக்கு முன்னால் மிளகாய் ஓடியிருக்கிறது. கேட்டால், “ஒரு கை போட்டு ஓட்டிட்டுத்தான் சார் உங்களுது அரைச்சேன்” என்கிறார் மில்காரர். அந்த ஒரு கையும் என் ராகிதான்.

2023-இல் தர்மபுரிக்கும் நீலகிரிக்கும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் முழுசாகக் கொடுத்தால் மில்லுக்குத்தானே போயாக வேண்டும்?

மில்லில் மிளகாய்ப் பை வந்துவிட்டால் நம் ஜனங்களுக்கு எங்கிருந்துதான் வருமோ அந்தப் பெருந்தன்மை! பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பவர், “நீங்க போங்கக்கா, எனக்கென்ன அவசரம்” என்பார். அக்காவுக்கும் அவசரமில்லை. மஞ்சள்காரர் மல்லிக்காரரைப் பார்ப்பார், மல்லிக்காரர் கோதுமையைப் பார்ப்பார், கோதுமைக்கு அந்த நேரம் பார்த்து போன் வரும். சத்துமாவுக்காரம்மாவிடம் யாரும் வாயே திறக்க முடியாது, குழந்தைக்காம். பச்சரிசி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போய்விடுவார், அவர் தூக்குவாளி மட்டும் வரிசையில் நிற்கும். மெஷின் சும்மா ஓடும். கடைசியில் எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, “வாத்தியாரே, பெரியவங்க நீங்க நிக்கலாமா? முன்னாடி போங்க” என்றார். வயசுக்கு இந்த ஊரில் இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

சரி, எமாலுமென்ட். லத்தீனில் ‘மொலேரே’ என்றால் அரைப்பது. மில் அந்த வழியில் வந்தது. பல் டாக்டர் பிடுங்கச் சொல்லும் கடைவாய்ப்பல், மோலார், அதுவும் அதே வழி. எமாலுமென்ட் என்பது ஆதியில் மாவரைத்துக் கொடுத்தவனுக்கான கூலியாக இருந்திருக்கலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். ஆக, முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தி நான் வாங்கியது அரவைக் கூலி. அரைத்த மாவையே அரைத்ததற்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

பழைய இங்கிலாந்தில் மில்காரர் தானியத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்வாராம். ‘மல்ச்சர்’ என்று அதற்குப் பெயர். நம்மவர் காசும் வாங்கிக்கொள்கிறார், மாவும் குறைகிறது. கேட்டால் சேதாரமாம்.  நமக்கு டி.ஏ. ஏறுவதற்குப் போராட்டம், ஆர்ப்பாட்டம், அரசாணை என்று ஆயிரம் இருக்கிறது. மில்காரருக்கு அந்தத் தொல்லையே இல்லை. போன மாசம் சில்லறை இல்லை என்று மீதியை வைத்துக்கொண்டார். இந்த மாசம் அதுவே ரேட்.