சுவற்றில் முட்டும் அண்ணாச்சி

கோவில்பட்டியில் எந்தத் தெருவில் புது பிளெக்ஸ் கட்டினாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர் அண்ணாச்சி. மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க மாட்டார், ஒற்றைத் தேடுவார். அவருக்கு மிகவும் பிடித்த இரை, ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்ற அறிவிப்பு. கிணறு, ஆறு, சோறு எல்லாம் குற்றியலுகரம், அங்கே ‘ற’ இரட்டிக்கும். சுவர் மெய்யில் முடிகிறது, ஆகவே ‘சுவரில்’தான் சரி என்று நன்னூலைத் துணைக்கு வைத்து விளக்குவார். கேட்பவர் கையில் டீ ஆறிவிடும். விளக்கத்தில் ஒரு குறையும் இல்லை. மாலையில் நகராட்சிக்கு அவரே எழுதும் மனு, ‘எங்கள் வீட்டுச் சுவற்றில்’ என்று தொடங்கும்.

அறியாமை என்று சொல்ல வழியில்லை. அவசரமும் இல்லை, மனுவைத் திரும்பத் திரும்பப் படித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். செல்போன்மேல் பழி போடுவோர் உண்டு. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கும்போது ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் ஷிப்ட் ஒன்றுதான் வித்தியாசம், விரல் பிசகினால் ‘வருக’ என்பது ‘வறுக’ ஆகிவிடும். (கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் அதுவும் ஒரு வரவேற்புதான்.) ஆனால் அண்ணாச்சி எழுதுவது பேனாவில். காரணம் காதில் இருக்கிறது. கரிசல்காட்டுப் பேச்சில் கிணறு ‘கிணத்துல’, சோறு ‘சோத்துல’, சுவரும் ‘செவுத்துல’. சுவர் எப்போதோ கிணற்றோடு போய்ச் சேர்ந்துவிட்டது. எழுதும்போது கை முதலில் கேட்பது வீட்டில் பழகிய இந்த விதியை; நன்னூல் விழித்துக்கொள்வது பிறர் எழுத்தைச் சோதிக்கும்போதுதான். தன் எழுத்தைத் திரும்பப் படித்தும் பயனில்லை. சொல்ல வந்தது மனத்தில் இருப்பதால் கண் தாளில் நிற்காமல் ஓடிவிடுகிறது.

பிடிபட்டதும் எழுத்தாளர் கி.ரா.வை இழுப்பார். “இடைசெவல்காரர் பேச்சுத் தமிழ்ல எழுதித்தான 1991ல சாகித்திய அகாதெமி வாங்குனாரு?” வாங்கினார். ஆனால் அவர் தெரிந்து, தேர்ந்து எழுதினார். வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியே போட்டார். அண்ணாச்சியின் ‘சுவற்றில்’ அந்தக் கணக்கில் சேராது. கரிசல்காரன் ‘செவுத்துல’ என்பான், புலவன் ‘சுவரில்’ என்பான். இது இரண்டு பேருக்கும் பிறக்காத பிள்ளை.

இதுவரை சிரிக்கலாம். ஊரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் எழுதித் தருபவரும் அவர்தான். காசு வாங்க மாட்டார். நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் கண்ணாடியைத் தேடிக்கொண்டு எழுந்து வருவார். அண்ணாச்சியே எழுதியது என்பதால் வேறு யாரும் படித்துப் பார்ப்பதில்லை, நேரே அச்சுக்குப் போய்விடும். காலையில் பழனியம்மாள் ‘பளனியம்மாள்’ ஆகிப் பேருந்து நிலையம் வரை ஒட்டப்பட்டிருப்பாள். திருத்தி அடிக்க நேரமேது, மத்தியானம் எடுத்தாக வேண்டும். அச்சுக்குப் போகும் முன் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனை வாசிக்கச் சொன்னால் பிடித்துவிடுவான். அண்ணாச்சி காட்ட மாட்டார். சூத்திரம் தெரியாத பயலுக்கு என்ன தெரியும் என்பார்.