மேல்தாடை ஆட்டுவோர்: பச்சைக்கிளி, கல்பர் சுறா பற்றிய ஓர் ஒப்பாய்வு

இவ்வாய்வுக்கு வித்திட்டது ஒரு சண்டை. காசிமேட்டில் மீன் வெட்டித் தரும் அக்கா ஒருவர், தன் பலகைக்குப் பக்கத்தில் கடை விரித்த கிளி ஜோசியரைப் பார்த்து, "யோவ், உன் கிளி வாய ஆட்டுற மாதிரிதான் என் சுறாவும் ஆட்டும். இன்னா பெரிய கிளி?" என்றார். ஜோசியர் சீட்டுக்கட்டை மூடினார். இவ்வாய்வாளன் நோட்டைத் திறந்தான்.

அக்கா சொன்னது அறிவியல்படி சரி. மனிதனுக்கு மேல்தாடை மண்டையோடு ஒட்டியது; எவ்வளவு கத்தினாலும் கீழ்த்தாடைதான் ஆடும். கிளியின் மேலலகோ நெற்றியருகே கீல் வைத்ததுபோல் தனியே தூக்கும். கொய்யாவைக் கடிக்கையில் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். சுறாவின் மேல்தாடை மண்டையோட்டோடு ஒட்டாமல் தசைநாரில் தொங்குவதால் கடிக்கும்போது முன்னால் நீளும். வாய்க்குப் பேர்போன ராயபுரத்துக்கே இது தலைகுனிவு.

பிள்ளை பெற்றவளுக்குப் புட்டாகும் பால்சுறா கரையோரத்து ஆள். ஆய்வின் கண்ணியம் கருதி ஆழ்கடல்வாசியான கல்பர் சுறாவையே எடுத்துக்கொண்டோம். சில நூறு மீட்டர் ஆழத்து இருட்டில் வாழும் இதற்குக் கண் மட்டும் பச்சை. கிளிக்கு உடம்பெல்லாம் பச்சை, கண்ணைச் சுற்றிச் சிவப்பு. நிறத்தைப் பாகம் பிரித்தபோது தகராறு நடந்திருக்க வேண்டும்.

கீழே போய்விடாமல் இருப்பதே இருவருக்கும் கவலை. கிளி எலும்பைப் பொள்ளலாக்கிக்கொண்டது. சுறா எலும்பே வேண்டாமென்று குருத்தெலும்போடு நிறுத்திக்கொண்டது. காற்றுப்பையும் இல்லாததால் பெருத்த ஈரலில் ஸ்குவாலீன் எண்ணெயை அடைத்து மிதக்கிறது. அங்கேதான் வினை. முகப்பூச்சுக்கு ஆகுமென்று ஈரலுக்காகவே அதைப் பிடிக்கிறார்கள். கல்பர் இனங்களில் சில ஏறக்குறைய 2 ஆண்டு சுமந்து ஒரே ஒரு குட்டி போடுபவை, எங்கே ஈடுகட்டுவது? கிளி மூன்று வாரம் அடைகாத்து மூன்று நாலு பொரித்துவிட்டுக் கத்திக்கொண்டு பறக்கும்.

ஆணை அறியக் கிளியின் கழுத்தைப் பார்க்க வேண்டும். கருப்பும் ரோஜாவுமாய் ஆரம் இருக்கும். சுறாவுக்கு வயிற்றுப் பக்கம். இதுபற்றி அக்கா தந்த விளக்கம் அச்சுக்கு ஏற்றதன்று.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். இதை எடுத்துச் சொன்னதும் ஜோசியர் பதில் பேசாமல் கிளியை வெளியே விட்டு ஒரு சீட்டு எடுக்கவைத்தார். முருகன். தொட்ட காரியம் துலங்குமாம்.

"சுறா வேணுமா வேணாமா, சொல்லு நைனா" என்றார் அக்கா.

அரைக் கிலோ.